பரிட்சைக்குப் படித்துவிட்டுப் போன அப்பா

அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு காம்பவுண்டுச் சுவர். அப்பா பெயிண்டர். புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டுச் சுவருக்கு வருஷம் ஒரு தடவை மஞ்சள் அடிப்பார். மழை முடிந்து, டூரிஸ்ட் கூட்டம் வருவதற்குள் அடித்துவிட வேண்டும். அந்த வருஷம் அவர் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அடித்துவிட்டு வந்தார். அரைகுறையாக இல்லை. பட்டி பார்த்து, தேய்த்து, ரெண்டு கோட். சாயங்காலம் வந்த பக்கத்து வீட்டுக்காரர், யார் சொல்லி அடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அப்பா, நீங்கள்தான் சொன்னீர்கள் என்றிருக்கிறார். அவரும் வயசானவர். தனக்குத்தான் மறந்துபோச்சு போல என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மதாம் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்.

அப்பாவுக்கு அப்போது அறுபதுகூட ஆகவில்லை. அம்மா நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டது. நெல்லித்தோப்பு வீட்டில் நான், அப்பா, அப்பாவோடு பிறந்த அத்தை, மூன்று பேர்தான். அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது வேதபாடம், சொல்லிக்கொடுக்கும். முதல் தடவை நற்கருணை, எங்கள் பேச்சில் புதுநன்மை, வாங்குகிற பிள்ளைகள் எல்லாம் அத்தையிடம் அடி வாங்கித்தான் வாங்குவார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். துணிக்கடையில் புடவை மடிக்கிறேன். கஸ்டமர் பிரித்துப் போட்டுவிட்டுப் போவார்கள், நான் மடிப்பேன், அடுத்தவர் வந்து பிரிப்பார்.

சுவருக்கு அப்புறம் ரொட்டி ஆரம்பித்தது. அப்பா சாயங்காலம் பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கி வருவார். வந்து வைத்துவிட்டு, ரொட்டி வாங்க மறந்துட்டேனே என்று திரும்பப் போவார். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ரொட்டியில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து தின்றோம். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல், வயசானா அப்படித்தான் என்று சத்து மாத்திரை எழுதினார். அப்பா அந்த மாத்திரையைச் சாப்பிட்டு நன்றாகச் சதை போட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் ஹாலில் கூட்டம் போட்டார்கள். மறதி வியாதிக்கு ஒரு மருந்து சோதனை நடக்கிறது, அதிலிருந்து ஒருத்தர் பேச வந்திருக்கிறார் என்று சாமியார் சொன்னார். வந்தது ஒரு அக்கா. எனக்கு ரெண்டு மூன்று வயசு மூத்தவராக இருப்பார். காட்டன் சுடிதார், கழுத்தில் அட்டை. அவர் சொன்னது இதுதான். இதுவரை அவர்களிடம் வந்தவர்கள் எல்லாம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், பேங்க் மேனேஜர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சொல்தா பென்ஷன் வாங்குகிற வீட்டுக்காரர்கள். மருந்து அவர்களுக்குக் கேட்கிறதா என்று தெரிந்துவிடும். மூட்டை தூக்கினவர், சுண்ணாம்பு அடித்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், இவர்களுக்குக் கேட்குமா என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் நம் பக்கத்திலிருந்து யாருமே போவதில்லை.

பின்னாலிருந்து ஆட்டோக்காரர் ஒருத்தர் கேட்டார்: "ஏம்மா, எலி கெடைக்கலியா?"

"எலிக்கெல்லாம் குடுத்து முடிச்சாச்சுண்ணே" என்றார் அக்கா.

ஹாலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பதிலுக்குத்தான் பாதிப் பேர் பெயர் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். ஸ்கேன் அவர்களே எடுப்பார்கள், பெரிய டாக்டர் மாதாமாதம் பார்ப்பார், வண்டியும் அவர்களே அனுப்புவார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லாத வெறும் மாத்திரை, யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கே தெரியாது என்றும் சொன்னார். நம்ப வூட்டுக்கு வெறும் மாத்திரைதான் வரும் என்று அத்தை என் காதில் சொன்னது. சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் அப்பா பெயரைக் கொடுத்தது.

ஒரு டெஸ்ட் வைப்போம், அதில் செலக்ட் ஆனவர்களை எடுத்துக்கொள்வோம் என்று அக்கா சொன்னார். ஆரம்ப மறதி இருக்கிறவர்களைத்தான் எடுப்போம் என்றும் கூடவே சொன்னாராம். அந்த நேரம் பார்த்து சமோசா வந்துவிட்டது.

எங்கள் தெருவில் டெஸ்ட் என்றால் பாஸ் பண்ண வேண்டும். பாஸ் பண்ணினால் எடுப்பார்கள், ஃபெயில் ஆனால் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒன்றாங்கிளாஸ் சேர்க்கிறதிலிருந்து டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் உலகம் அப்படித்தான் நடக்கிறது. ஃபெயில் ஆனவர்களுக்குப் பெரிய டாக்டரும் வண்டியும் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை. ஃபெயில் ஆனால் என்ன கிடைக்கும் என்று நான் பட்டுத் தெரிந்தவள்.

எங்கள் தெருவில் முதல் வாரம் சிலரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் திரும்பி வரும்போது அத்தை வாசலில் நின்றது. என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டது. இது என்ன ஊர், என்ன மாசம், என்ன கிழமை, எத்தனாவது மாடி. அப்புறம் ஐந்து வார்த்தை சொல்வார்கள், உடனே திருப்பிச் சொல்ல வேண்டும், கொஞ்சநேரம் கழித்து இன்னொரு தடவை சொல்ல வேண்டும். ஏணி, எலுமிச்சம்பழம், சாவி, படகு, பச்சை. எல்லோருக்கும் அதே ஐந்து. சில பேருக்கு என்ன கேட்டார்கள் என்றே ஞாபகமில்லை. அவர்களால் உபயோகமில்லை என்று அத்தை விட்டுவிட்டது. சோதனைக்கு வேண்டியவர்களே அவர்கள்தான் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அப்பாவுக்கு வகுப்பு ஆரம்பமானது. ஞானோபதேசத்துக்கு எப்படியோ அப்படி. அத்தை கேள்வி கேட்கும், அப்பா ராகத்தோடு பதில் சொல்ல வேண்டும். உன்னைப் படைத்தவர் யார் என்று ஆரம்பிக்கிற அதே ராகம். அத்தைக்கு வேறு ராகம் தெரியாது. மரியாதைக்கு அடிக்காமல் மேஜையில் மட்டும் ஸ்கேலால் தட்டியது. அப்பாவுக்கு ரொட்டி வாங்கினது மறந்துபோகும், ஆனால் ராகத்தில் போட்டது மறக்கவில்லை. காலையில் பல் விளக்கும்போதே ஏணி எலுமிச்சம்பழம் என்று பாடுவார். எனக்குப் பார்க்க சந்தோஷமாக இருந்தது. அப்பா தேறிக்கொண்டு வருகிறார் என்று கடையில் எல்லோரிடமும் சொன்னேன். நேர்ந்துகொண்டு கோயிலில் மெழுகுவர்த்தியும் ஏற்றினேன்.

எங்களைக் கூப்பிட்ட நாள் புதன்கிழமை. அப்பா கோடுபோட்ட சட்டை போட்டுக்கொண்டார். அத்தை நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் அதுவும் வண்டியில் ஏறிக்கொண்டது.

சோதனை நடக்கிற ஆஸ்பத்திரியில் ஏசி ரூம். அப்பா, எதிரில் அந்த அக்கா, பக்கத்தில் நான். அத்தை கதவுக்கு வெளியே, கதவு திறந்திருந்தது. இது எந்த ஊர் என்று அக்கா கேட்டார். அப்பா ராகத்தில் புதுச்சேரி என்றார். என்ன மாசம் என்று கேட்பதற்குள் மாசத்தைச் சொன்னார். கிழமை சொன்னார். மாடி சொன்னார். அக்கா, ஐயா ஒரு நிமிஷம், இப்போ நான் அஞ்சு வார்த்தை சொல்லப்போறேன் என்று ஆரம்பித்தார்.

"ஏணி, எலுமிச்சம்பழம், சாவி, படகு, பச்சை" என்றார் அப்பா. சொல்லிவிட்டு வழக்கம்போல ஆமென் சேர்த்தார்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் யாராவது முன்னாடியே சொல்லிக்கொடுத்தாங்களா என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து அத்தை பதில் சொன்னது.

"பின்ன? படிக்காமையா பரிட்சைக்கு அனுப்புவாங்க?"

அதில் அவ்வளவு பெருமை இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது போல முகம் போனது. எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தார். எங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார்கள். அங்கேதான், மறந்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்று முதல் தடவையாக எனக்குக் காதில் விழுந்தது. அத்தை நம்பவில்லை. ஃபெயில் ஆனவனுக்கு ஏன் செலவு பண்றாங்க என்று என்னிடம் கேட்டது.

அதுவரை எடுத்த எங்கள் தெரு ஆட்களின் டெஸ்ட் எதுவும் செல்லாது என்று ஆகிவிட்டது. சரி, வேறு ஐந்து வார்த்தை சொல்லி இப்போதே கேளுங்கள் என்று நான் சொன்னேன். அப்படியெல்லாம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாதாம். படித்தவர்களுக்கென்று நாலைந்து விதமான டெஸ்ட் தயாராக இருக்கிறதாம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குத் தமிழில் சரிபார்த்து வைத்தது இது ஒன்றுதானாம். இன்னொன்று தயார் பண்ணி, கமிட்டியில் காட்டி, அனுமதி வாங்கி வரவேண்டும். எவ்வளவு நாள் ஆகும் என்றேன். பார்ப்போம் என்றார் டாக்டர். பார்ப்போம் என்றால் எவ்வளவு நாள் என்று நெல்லித்தோப்பில் எல்லோருக்கும் தெரியும்.

தெருவில் பெரிய மனஸ்தாபம் ஆகிவிட்டது. நல்ல மார்க் எடுத்தவர்களை எல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டார்களே என்று கோபம். ஆட்டோக்காரர் அவர் அம்மாவைப் பாஸ் பண்ண வைக்க எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். அந்த அக்கா தெருவுக்குள் வந்தால் கதவைச் சாத்தினார்கள். அந்த வருஷம் முழுக்க எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை.

அப்பா காத்திருந்தார் என்று சொல்ல முடியாது. என்னத்துக்குக் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. காத்திருந்தது நான். கடையில் போன் அடித்தால் ஓடுவேன். அதற்குள் அப்பாவின் மறதி ரொட்டியைத் தாண்டிப் போய்விட்டது. வெளியே போனால் வரத் தெரியவில்லை. ஒரு தடவை ஊருக்கு வெளியே காலாப்பட்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தவரை மீன்கார அம்மா ஒருத்தர் அடையாளம் கண்டு போன் பண்ணினார். அப்புறம் வாசலைப் பூட்டினோம். பூட்டினால் கோபம் வந்து கதவைக் குத்துவார். அத்தைதான் ஒரு யோசனை பண்ணி, ஒரு டப்பாவில் தண்ணியும் பழைய பிரஷ்ஷும் எடுத்துக் கொடுத்தது. அப்பா ஹால் சுவருக்குத் தண்ணியை அடித்தார். அடித்து முடிக்கும்போது ஆரம்பித்த இடம் காய்ந்திருக்கும். திரும்ப அங்கிருந்து அடிப்பார். நாள் பூரா வேலை இருந்தது. நான் வேலை முடித்து வந்தால், இந்தச் சுவரு ரொம்பக் குடிக்குதும்மா என்பார். நாங்கள் ஆமாம்ப்பா என்போம்.

புது டெஸ்ட் வந்துவிட்டது என்று அக்கா போன் பண்ணினபோது நான் கடை என்றும் பார்க்காமல் சத்தமாக அழுதுவிட்டேன். இந்தத் தடவை அத்தை எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வண்டியிலும் ஏறவில்லை. போகும்போது சிலுவை மட்டும் போட்டது.

அதே ரூம், அதே நாற்காலி. எந்த ஊர் என்று கேட்டதற்கு அப்பா யோசித்தார். அக்கா புது வார்த்தை ஐந்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இப்போ நீங்க சொல்லுங்க ஐயா என்றார். அப்பா, நீங்களே சொல்லுங்கம்மா, நல்லாருந்துது என்றார். கொஞ்சநேரம் கழித்து, முதலில் சொன்ன அந்த வார்த்தைகள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. ஏணி, எலுமிச்சம்பழம், சாவி, படகு, பச்சை என்று ராகம் தப்பாமல் பாடினார். அதில் ஒன்றுகூட இந்தப் பரிட்சையில் இல்லை. அக்கா குனிந்து சைபர் போட்டார். போடும்போது என்னைப் பார்க்கவில்லை.

அப்புறம் என்னைத் தனி ரூமில் உட்காரவைத்துக் கேட்டார்கள். தானே குளிக்கிறாரா, உடை மாற்றுகிறாரா, ராத்திரி தூங்குகிறாரா. அப்பாவைப் பற்றி அந்த மாதிரி விஷயங்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மறந்தவர்களைத்தான் எடுப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும் அல்லவா. எவ்வளவு மோசம் என்று சொன்னால் அவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னேன்.

டாக்டர் சாயங்காலம் கூப்பிட்டார். இந்த மருந்து ஆரம்பத்தில் இருக்கிறவர்களுக்கு. அப்பா அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். போன வருஷம் வந்தபோது இருந்த மாதிரியே இருந்திருந்தால் கண்டிப்பாக எடுத்திருப்போம் என்று ஆறுதலுக்குச் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே அது ஆறுதல் இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. தண்ணி குடிக்கிறீங்களாம்மா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை மறுநாள் தானாகப் பஸ் பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது. டாக்டர்கூட இருந்த அந்த அக்காதான் பிற்பாடு எனக்குச் சொன்னார். அத்தை டாக்டர் முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டதாம்.

"அன்னிக்கு நல்லா சொல்றான், அதனால வேணாம்னீங்க. இன்னிக்கு ஒண்ணும் சொல்லல, அதனால வேணாங்கறீங்க. உங்க கிட்ட வர்றவன் எப்படித்தான் சார் இருக்கணும்?"

டாக்டர், ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும்மா என்றாராம். நடுவுலதான் சார் கூட்டியாந்தோம் என்று சொல்லிவிட்டு அத்தை வந்துவிட்டது.

அடுத்த மழையில் அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டுச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் போய்விட்டார். நான் அப்போது கீழே டீ வாங்கப் போயிருந்தேன். டீயோடு வந்தேன். அந்த டீயை என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். புடவை மடிக்கும்போது கண்ணில் தண்ணி வந்துகொண்டே இருந்தது. சூப்பர்வைசர் நல்ல மனுஷன், திட்டவில்லை. பட்டில் தண்ணி பட்டால் கறை நிற்கும் என்று என்னைக் காட்டன் பக்கம் மாற்றிவிட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்கு அந்த அக்கா வந்திருந்தார். பின்னாடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். அத்தையே பரிமாறியது. கை கழுவும்போது, கேட்கக்கூடாத நேரத்தில் கேட்கிறேன் என்று ஆரம்பித்தார். நம் பக்கத்து ஆட்கள் இன்னும் யாரும் வருவதில்லை. போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நீ வருகிறாயா என்றார். நான் என்ன படிச்சிருக்கேன்னு தெரியுமா அக்கா என்றேன். தெரியும் என்றார். நான் யோசிக்கவில்லை. காட்டன் பக்கம் எனக்குப் பிடிக்கவும் இல்லை.

இப்போது என் கழுத்திலும் ஒரு அட்டை தொங்குகிறது. பாதி நாள் கடை, பாதி நாள் வீடு வீடாக. என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்தார்கள். முதலில் வணக்கம், அப்புறம் சோதனை என்றால் என்ன, கட்டாயம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். நான் அதை எல்லாம் சொல்கிறேன். அதற்கு முன்னால், தயவுசெய்து யாரும் படிக்க வைக்காதீர்கள் என்று சொல்கிறேன். பாதி வீட்டில் கதவைச் சாத்துகிறார்கள். மீதி வீட்டில், எங்க வீட்டு ஆளுக்கு ஒன்றுமில்லை, நல்லா இருக்கார் என்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் இன்னும் நல்லா இருக்கிறார்கள்.

போன வாரம் ரெட்டியார்பாளையத்தில், மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீடு. வீட்டுக்காரர் கொத்தனாராக இருந்தவர். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தார். என் பாடத்தை முழுக்கச் சொன்னேன். அவருக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கார் என்றார். மீனைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. மீன் நல்லா இருக்கே, அவர்தான் போய் வாங்கினு வந்தாரா என்று சும்மாதான் கேட்டேன்.

அந்த அம்மா கொஞ்சநேரம் செதிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அவர அனுப்பறதில்ல" என்றார்.

அந்த அம்மா கழுவின தண்ணியைத் தெருவில் கொட்டிவிட்டு வந்து திரும்ப உட்கார்ந்தார். நெல்லித்தோப்பில் ஒரு பெயிண்டருக்கு இப்படி ஆனது, அவர் பொண்ணுதான் இப்போது வீடு வீடாக வருகிறது என்று கேள்விப்பட்டேன், அது நீதானா என்றார். ஆமாம் என்றேன்.

"உங்கப்பாவ எடுத்துக்கினாங்களா?"

"எடுக்கல."

"அப்புறம் எதுக்கு அவங்களுக்கோசரம் வந்து கேக்கற?"

இதற்கு எனக்குப் பாடத்தில் பதில் இருந்தது. பெரிய பதில். வரப்போகிற தலைமுறை எல்லாம் அதில் வரும். அது வாயில் வரவில்லை.

"நாங்க லேட்டா போயிட்டோம்மா. நீங்க இப்போ போனா சரியா இருக்கும்."

அவர் மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். உள்ளே பார்த்து, சட்டைய எடுத்துப் போட்டுக்க, ஆஸ்பத்திரிக்குப் போவணும் என்று குரல் கொடுத்தார். இன்றைக்கு இல்லைம்மா, வியாழக்கிழமைதான் வண்டி வரும் என்றேன். அதற்குள் அந்த மனுஷர் சட்டை போட்டு, பட்டனை ஒன்று தள்ளிப் போட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் திங்கட்கிழமை. அந்த அம்மா வந்து பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.

வண்டி எத்தினி மணிக்கு வரும் என்று அந்த மனுஷர் என்னைக் கேட்டார். ஒன்பதுக்கு என்றேன். சரி, நேரத்துலயே வந்துட்டேன் என்றார்.